லா கூவெர்த்வாராத், லார்சாக்கின் டெம்ப்ளர் கிராமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

தெற்குப் பிரான்சில், அவெரோன் மாவட்டத்தின் தென்கோடியில். மத்தியதரைக் கடற்கரையை ஒட்டிய மோன்பெலியே நகரத்திலிருந்து வடமேற்கே மலையேறினால் லார்சாக் என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம் வரும். மரம் குறைவு, காற்று அதிகம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெளிறிய புல்லும் பாறையும்தான். அதன் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டரை நெருங்கும் உயரத்தில், மதில் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க ஐந்து நிமிடம் போதும். சுற்றியுள்ள குக்கிராமங்களையும் சேர்த்தால் மக்கள்தொகை இருநூறைச் சுற்றி.

டெம்ப்ளர்கள் துறவிகளா, வீரர்களா?

இரண்டும். அவர்கள் காலத்திலேயே பலருக்கு இது விசித்திரமாகத்தான் பட்டது. முதல் சிலுவைப்போரில் ஜெருசலேம் கைப்பற்றப்பட்ட பிறகு, அங்கே செல்லும் யாத்திரிகர்களை வழிப்பறிக்காரர்களிடமிருந்து காக்க, 1119–20 வாக்கில் யூக் தெ பாயேன் என்ற பிரெஞ்சு வீரர் சிலரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய சங்கம் இது. சாலமோன் ஆலயம் இருந்ததாக நம்பப்பட்ட இடத்தில் தங்கியதால் ஆலயத்தார் என்ற பொருளில் டெம்ப்ளர்கள் ஆனார்கள். 1129இல் துருவா நகரில் கூடிய திருச்சபை மன்றம் அவர்களுக்கு ஒழுங்குவிதிகளை வகுத்துக் கொடுத்தது. தனிச்சொத்து கூடாது, திருமணம் கூடாது, வாரத்தில் மூன்று நாள்தான் இறைச்சி, சிங்கத்தைத் தவிர வேறு வேட்டை கூடாது. லார்சாக்கில் சிங்கம் கிடையாது என்பதால் இங்கிருந்தவர்களுக்கு அந்த விலக்கால் பயனில்லை.

போர் நடந்தது ஜெருசலேம் பக்கம். அவர்களுக்குத் தெற்குப் பிரான்சில் என்ன வேலை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

குதிரைவீரனை ஓராண்டு போர்க்களத்தில் வைத்திருப்பது பெருஞ்செலவு. குதிரை, மாற்றுக்குதிரை, தீவனம், இரும்புச் சட்டை, பணியாள், கோட்டைப் பராமரிப்பு என்று பட்டியல் நீளும். இவற்றுக்கான பணம் பாலஸ்தீனத்தில் விளையவில்லை. ஐரோப்பாவில் பக்தியுள்ள பிரபுக்கள் தானமாகக் கொடுத்த நிலங்களில்தான் விளைந்தது. அப்படிக் கிடைத்த நிலங்களை டெம்ப்ளர்கள் பண்ணைகளாகத் திரட்டி, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு நிர்வாகியை அமர்த்தினார்கள். அதன் பெயர் கொமாந்தெரி. அதன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கிழக்கே அனுப்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

லார்சாக்கின் தலைமைக் கொமாந்தெரி சேந்த் யூலாலி தெ செர்னோன் என்ற ஊரில் இருந்தது. அந்த இடம் 1150களில் ஜெலோன் மடத்திடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. 1159இல் பார்சலோனா கோமகன் ரேமோன் பெரஞ்செ லார்சாக் நிலத்தின்மேல் தமக்கிருந்த உரிமைகளையும் கொடுத்தார். அதன்பின் அக்கம்பக்கத்துச் சிறு பிரபுக்களிடமிருந்து தானமாகவும் விலைக்கும் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். நிலம் சேர்ப்பதில் அந்தத் துறவிகளுக்கு இருந்த பொறுமை எந்த மிராசுதாருக்கும் இருந்திருக்காது. லா கூவெர்த்வாராத் அந்தப் பெரிய பண்ணையின் தென்கிழக்குக் காவல்முனை. கடற்கரைச் சமவெளியிலிருந்து மேலேறும் வழியைக் கண்காணிக்கவும், அந்தப் பக்கத்து மந்தைகளையும் தானியத்தையும் காக்கவும் பயன்பட்டது.

ஆக, சிலுவையும் வாளும் கிழக்கே இருந்தன. இங்கே இருந்தது செம்மறி ஆடு.

முதலில் வந்தது கோட்டையா, ஊரா?

கோட்டை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, ஒரு பாறை மேட்டின் உச்சியில் டெம்ப்ளர்கள் அதைக் கட்டினார்கள். கோட்டை வந்த பிறகு அதன் நிழலில் குடியானவர்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள். மேய்ப்பன், உழவன், கொல்லன், ரொட்டி சுடுபவன் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து சேர ஊர் உருவானது. இன்றும் கோட்டைதான் மிக உயரமான இடத்தில் நிற்கிறது. மேல்தளங்கள் போய்விட்டன. மிஞ்சிய சுவரே கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வைக்கிறது. ஊர் அதன் காலடியில் வழிந்து கிடக்கிறது.

ஊரில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளை அங்கி வீரர்களா?

இல்லவே இல்லை. வெள்ளை மேலங்கி பிரபுக் குலத்தில் பிறந்த வீரர்களுக்கு மட்டும் உரியது. ஐரோப்பியப் பண்ணை இல்லங்களில் அவர்கள் சிறுபான்மை. பெரும்பாலானோர் கறுப்பு அல்லது பழுப்பு அங்கி அணிந்த பணிச் சகோதரர்கள். கணக்கு எழுதுவது, மந்தையை எண்ணுவது, களத்தைப் பார்ப்பது அவர்கள் வேலை. போரில் கையோ காலோ தளர்ந்து திரும்பிய முதியவர்கள் சிலர் இருப்பார்கள். பூசைக்கு ஒரு குரு இருப்பார். அவ்வளவுதான். மற்ற அனைவரும் சங்கத்தின் குடிகள், அதாவது குடும்பமும் பிள்ளைகுட்டியும் உள்ள சாதாரண விவசாயிகள். கையில் வாளுடன் தெருவில் உலாவும் வீரர் கூட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு வருபவர்கள் மந்தைக் கணக்கைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். எனக்கு அந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது.

அந்தக் குடிகள் என்ன கொடுத்தார்கள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது?

விளைச்சலில் ஒரு பங்கு வாரமாகப் போகும். தேவாலயத்துக்குத் தசமபாகம் தனி. ரொட்டியைச் சங்கத்தின் பொது அடுப்பில்தான் சுட வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. நிலவுடைமைப் பிரபு யாராக இருந்தாலும் அந்தக் காலத்துக் குடியானவர் தலையெழுத்து இதுதான்.

வேறுபாடு ஒன்று உண்டு. சாதாரணப் பிரபு செத்தால் பிள்ளைகள் நிலத்துக்கு அடித்துக்கொள்வார்கள். பக்கத்துப் பிரபுவோடு சண்டை வந்தால் முதலில் எரிவது குடியானவன் வீடு. துறவுச் சங்கத்துக்கு வாரிசுச் சண்டை இல்லை. அதன் சொத்தில் கைவைத்தால் திருச்சபையின் சாபம் வரும் என்ற பயமும் இருந்தது. 1139இல் போப் இரண்டாம் இன்னசென்ட் இந்தச் சங்கத்தை நேரடியாகத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு, தசமபாகம் கட்டுவதிலிருந்தும் விலக்களித்திருந்தார். அந்த இறையிலி சங்கத்துக்குத்தான், குடிகளுக்கு அல்ல. ஆனாலும் அமைதியாக விதைத்து அறுக்க முடிந்தால் அதுவே பெரிய கூலி.

ஆறு இல்லை, ஏரி இல்லை. தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

சுண்ணாம்புக்கல் நிலத்தில் பெய்யும் மழை மேலே தங்காது. பிளவுகள் வழியே இறங்கி, அடியில் குகைகளைக் குடைந்துகொண்டு, பல கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிப்படும். மேலே வாழ்பவர்களுக்குக் காலடியில் நதி, கையில் வறட்சி.

எனவே ஊரே ஒரு மழைநீர்ச் சேகரிப்பு எந்திரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக் கூரையில் தட்டைக் கற்கள். அதில் விழும் நீர் ஓடையாக இறங்கி வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குப் போகும். கீழ்த்தளம் கல் வளைவுகள் தாங்கும் ஆட்டுத் தொழுவம், மேல்தளம் குடியிருப்பு, இரண்டையும் இணைப்பது வெளியே உள்ள கல் படிக்கட்டு. கூரையைக்கூடக் கல் வளைவின்மேல் அமைத்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல, உத்திரத்துக்கு மரம் கிடைக்காததுதான். குளிர்காலத்தில் கீழே அடைத்த மந்தையின் உடற்சூடு மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக்கும். வாடை பழகிவிடும்.

ஆடுகளுக்குத் தனிக் குட்டை. அதை உள்ளூரில் லவோஞ் என்பார்கள். இயற்கையான பள்ளத்தில் களிமண்ணை மிதித்துப் பூசி நீர் கசியாமல் செய்வார்கள். குளம்பு பட்டுக் களிமண் கிழியாமலிருக்க மேலே கல் பாவுவார்கள். ஊருக்கு வெளியே இன்று எல்லாரும் படம் எடுக்கும் வட்டமான கல்பாவிய குட்டை 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. டெம்ப்ளர் கட்டியது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். உத்தி மட்டும் பழையது.

ஆடுகளால் என்ன வருமானம்?

கம்பளி, தோல், இறைச்சி, பால், பாலிலிருந்து பாலாடைக்கட்டி. எருவும் சேரும். பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குழிவுகளில்தான் சிவப்பு மண் தங்கும். அங்கே தானியம் விளைய வேண்டுமானால் ஆட்டுப் புழுக்கை வேண்டும். ஆக மந்தை இல்லாமல் ரொட்டியும் இல்லை. கிழக்கே அனுப்பக் குதிரைகளையும் இந்தப் புல்வெளியில் வளர்த்தார்கள். லா கவலரி என்ற அடுத்த டெம்ப்ளர் ஊரின் பெயரிலேயே குதிரைவீரன் இருக்கிறான்.

நீலப் பூசணம் ஓடிய ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியின் சொந்த ஊர் இந்த மேட்டு நிலத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. அங்குள்ள குகைகளில் கட்டியைப் பக்குவப்படுத்தும் தனியுரிமையை 1411இல் அரசர் ஆறாம் சார்ல் அந்த ஊராருக்குக் கொடுத்தார். 1925இல் பிரான்சில் சட்டப்படி தோற்றப் பெயர்ப் பாதுகாப்புப் பெற்ற முதல் பாலாடைக்கட்டியும் அதுதான். பால் முழுவதும் கட்டிக்குப் போனால் குட்டிகளை நீண்ட காலம் ஊட்ட முடியாது, சீக்கிரம் அறுத்துவிடுவார்கள். அந்த இளந்தோல்தான் பக்கத்து மியோ நகரத்தைக் கையுறைத் தொழிலுக்குப் பேர்போனதாக்கியது. ஒரே ஆட்டை இவ்வளவு தூரம் பயன்படுத்திய ஊர்கள் குறைவு.

1307இல் என்ன நடந்தது?

1291இல் பாலஸ்தீனக் கரையில் சிலுவைப்போர்க்காரர்களின் கடைசிப் பெரிய கோட்டை நகரமான ஆக்கர் விழுந்ததும் சிலுவைப்போர் அரசுகளின் கதை முடிந்தது. காப்பதற்கு யாத்திரை வழி இல்லாத சங்கத்திடம் ஐரோப்பா முழுவதும் நிலமும் பணமும் மட்டும் இருந்தன. கடனில் மூழ்கியிருந்த பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பின் கண் அதில் விழுந்தது. 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியலில் நாடு முழுவதும் டெம்ப்ளர்களைக் கைதுசெய்தார்கள். மதத்துரோகம், சிலை வணக்கம் என்று குற்றச்சாட்டுகள். வதைத்துப் பெற்ற வாக்குமூலங்கள். 1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் சங்கத்தைக் கலைத்தார். கடைசித் தலைவர் ஜாக் தெ மோலே 1314இல் பாரிஸில் எரிக்கப்பட்டார்.

கலைத்த அதே ஆண்டில் பிறப்பித்த இன்னோர் ஆணையால் சொத்துகளில் பெரும்பகுதி ஹாஸ்பிட்டலர்கள் என்ற மற்றொரு வீரத்துறவிச் சங்கத்துக்குப் போனது. யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்தி வளர்ந்தவர்கள், பிற்காலத்தில் மால்டாத் தீவில் ஆண்டவர்கள். லா கூவெர்த்வாராத்தின் குடிகளுக்கு இதனால் நேர்ந்த மாற்றம், வாரம் வாங்க வருபவர் அங்கியின் நிறம் மாறியது. புதியவர்களின் மேலங்கி கறுப்பு, சிலுவை வெள்ளை. கேட்ட பங்கு குறைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

டெம்ப்ளர் புதையல் இங்கே இருக்கிறதா?

இல்லை.

இவ்வளவு அழகான மதிலைக் கட்டியவர்கள் டெம்ப்ளர்கள்தானே?

ஊரில் அதிகம் படம்பிடிக்கப்படுவதும் அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இந்த மதில்தான். மதில் எழுந்தது 1439க்குப் பிறகு. டெம்ப்ளர் சங்கம் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கட்டச் சொன்னவர்கள் ஹாஸ்பிட்டலர்கள். கட்டியவர் பெயர்கூடத் தெரியும்: தேயோதா தாலோஸ் என்ற கொத்தனார். இந்தப் பகுதியில் அப்போது அவருக்கு ஓய்வே இல்லை. லா கவலரி, சேந்த் யூலாலி, சேன் ஜான் தால்காஸ் மதில்களிலும் அவர் கை இருக்கிறது.

ஏன் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் மதில்? இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர் இழுத்துக்கொண்டே போன காலம் அது. இடையிடையே சமாதானம் வரும்போது கூலிப்படைகள் கலைக்கப்படும். சம்பளம் நின்ற சிப்பாய் கிராமங்களைச் சூறையாடுவான். மந்தையை ஓட்டிக்கொண்டு போவதுதான் அவனுக்கு லாபம். ஆக இந்த மதில் சிலுவைப்போரின் நினைவுச்சின்னம் அல்ல. வேலை போன சிப்பாய்களிடமிருந்து ஆட்டையும் தானியத்தையும் காத்துக்கொள்ள எழுப்பிய வேலி. கட்டணம் கொடுத்து ஏறி, மதில்மேல் நடந்து பார்க்கலாம். மேலிருந்து பார்த்தால்தான் கூரைகளும் கோட்டையும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பது விளங்கும்.

கோட்டைக்கு ஒட்டிய புனித கிறிஸ்டோபர் ஆலயமும் ஹாஸ்பிட்டலர்கள் 14ஆம் நூற்றாண்டில் கட்டியதே. கணக்குப் போட்டால், கண்ணில் படும் ஊரில் டெம்ப்ளர் கை பட்டது கோட்டை மட்டும்தான்.

கதவுகளில் ஆணியடித்து வைத்திருக்கும் முள்பூ என்ன?

கார்தபெல் என்னும் காட்டு முட்செடி. தண்டில்லாமல் தரையோடு ஒட்டிச் சூரியனைப்போல விரியும். காற்றில் ஈரம் ஏறினால் இதழ் மூடும், காய்ந்தால் விரியும். மழை வருமா என்று பார்க்க மேய்ப்பர்களுக்கு இது போதும். அதன் முட்களால் கம்பளியைச் சிக்கெடுப்பதும் உண்டு. திருஷ்டி கழிக்கவும் என்று சிலர் சொல்வார்கள். இப்போது செடி அருகிவருகிறது, பறித்து எடுத்து வராதீர்கள்.

தேவாலயத்தின் அருகே உள்ள வட்டக் கற்கள் டெம்ப்ளர் கல்லறைகளா?

சிலுவை செதுக்கிய வட்டத் தலையுடைய கல்லறைக் கற்கள் அவை. இத்தகைய கற்கள் தெற்குப் பிரான்சின் பல சாதாரண ஊர்க் கல்லறைகளிலும் உண்டு. சிலுவையைப் பார்த்தவுடன் டெம்ப்ளர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஊர் எப்படி வெறிச்சோடியது?

பிரெஞ்சுப் புரட்சி 1792இல் ஹாஸ்பிட்டலர்களின் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. எஜமான் போனதால் ஊர் சாகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இளைஞர்கள் நகரங்களுக்கு இறங்கியதால்தான் தேய்ந்தது. ஆளில்லாத வீடுகளின் கூரை விழுந்தது. 1912இல் வாயில் கோபுரங்களில் ஒன்றும் சரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைவினைஞர்களும் சீரமைப்பாளர்களும் வந்து உயிர்கொடுத்தார்கள். கோடையில் வரும் கூட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றும்.

லார்சாக் என்றாலே ஒரு போராட்டம் பற்றிச் சொல்கிறார்களே?

படைவீரர்களுக்குச் சோறு போட உருவான நிலத்தில், படைவீரர்களுக்கு நிலம் தர மாட்டோம் என்று உழவர்கள் பத்தாண்டு நின்ற கதை அது.

லா கவலரியில் 1902 முதல் சுமார் 3,000 ஹெக்டேரில் ஒரு ராணுவ முகாம் இருந்தது. 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் தெப்ரே அதை 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். அரசின் பார்வையில் லார்சாக் கிட்டத்தட்டக் காலி நிலம். அந்தக் காலி நிலத்தில் ரோக்ஃபோருக்குப் பால் கறந்துகொண்டிருந்த 103 விவசாயிகள் நிலத்தை விற்க மாட்டோம் என்று 1972இல் உறுதிமொழி எடுத்தார்கள்.

இங்கே ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. காந்தியிடம் போய்த் தங்கி, அவரிடமிருந்து சாந்திதாஸ் என்ற பெயரைப் பெற்றுத் திரும்பிய இத்தாலியர் லான்சா தெல் வாஸ்தோ, தம் ஆசிரமத்தை லார்சாக்குக்கு அருகில் அமைத்திருந்தார். அவர் 1972இல் லா கவலரிக்கு வந்து பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். பெரும்பாலும் கத்தோலிக்கர்களான, போராட்டம் என்றாலே தயங்கிய அந்த விவசாயிகளுக்கு அகிம்சை வழி பிடித்துப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் அறுபது ஆடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஐஃபெல் கோபுரத்தின் கீழே மேயவிட்டார்கள். லா பிளக்கியேர் என்ற இடத்தில் அனுமதி இல்லாமலே, தொண்டர்களின் கையால் கல் ஆட்டுத்தொழுவம் ஒன்றை எழுப்பினார்கள். தெற்குப் பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தானில் ‘கார்தரெம் லோ லார்சாக்’, அதாவது ‘லார்சாக்கைக் காப்போம்’ என்பது முழக்கம். 1981இல் குடியரசுத் தலைவரான மித்தெரான் திட்டத்தைக் கைவிட்டார். அரசு அதற்குள் வாங்கியிருந்த நிலத்தில் 6,300 ஹெக்டேர் 1985இல் விவசாயிகளின் கூட்டு அமைப்புக்கே நீண்டகாலக் குத்தகையாகத் திரும்பியது.

பழைய முகாம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2016 முதல் பிரெஞ்சு ராணுவத்தின் அயல்நாட்டவர் படையில் ஒரு பிரிவு அங்கே தங்கியிருக்கிறது. பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த வீரர்கள், குதிரைவீரன் பெயர் தாங்கிய ஊரில்.

சுற்றுவட்டாரத்தில் வேறு எவற்றைப் பார்க்கலாம்?

நேரம் குறைவானால் லா கூவெர்த்வாராத்தும் சேந்த் யூலாலியும் போதும். முன்னது அழகு, பின்னதுதான் நிர்வாகம் நடந்த இடம், தலைமை இல்லத்தின் கட்டடங்கள் அங்கே உள்ளன. மூன்றாவதாக வியலா துய் பா தெ ஜோ. அங்கே மதில் இல்லை, தானியம் சேமிக்கவும் ஆபத்தில் ஒளியவும் ஹாஸ்பிட்டலர்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய உயரமான ஒற்றைக் கோபுரம் உண்டு. உச்சிக்கு ஏறினால் லார்சாக் முழுதும் தெரியும். லா கவலரியின் மதிலும் சீரமைக்கப்பட்டிருக்கிறது. சேன் ஜான் தால்காஸும் இந்தச் சுற்றில் சேர்த்து விளம்பரப்படுத்தப்படுகிறது, ஆனால் அது சிஸ்டர்சியன் கன்னியர் மடத்தின் ஊர், டெம்ப்ளர்களுடையது அல்ல.

வேறு நாடுகளிலும் இப்படி ஊர்கள் உண்டா?

உண்டு. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் பால்டாக் நகரத்தை 1140களில் டெம்ப்ளர்கள் சந்தை ஊராகத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் பாக்தாத்துக்குப் பழைய பிரெஞ்சில் வழங்கிய வடிவத்திலிருந்து வந்தது. போர்ச்சுகலின் தோமாரில் நடந்தது வேறு. அங்கே அரசர் டெம்ப்ளர் சொத்தைக் கைவிடாமல் 1319இல் கிறிஸ்துவின் சங்கம் என்று புதுப்பெயரில் தொடரச் செய்தார்.

எப்படிப் போவது? எப்போது போவது?

கார் இருந்தால் நல்லது. கிளெர்மோன் ஃபெரானையும் தெற்குக் கடற்கரைச் சமவெளியையும் இணைக்கும் ஏ75 நெடுஞ்சாலை லார்சாக்கின் மேலேயே ஓடுகிறது. வடக்கிலிருந்து வந்தால் மியோ பாலத்தைக் கடந்துதான் வருவீர்கள், 2004இல் திறந்தது, 343 மீட்டர் உயரம். ஊருக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தவும் மதில்மேல் ஏறவும் உண்டு.

ஜூலை, ஆகஸ்ட்டில் சந்துகளில் தோள் உரசும். மே கடைசி அல்லது செப்டம்பர் நல்லது. குளிர்காலத்தில் பல கடைகள் மூடியிருக்கும், காற்று எலும்பைத் துளைக்கும். எந்த மாதம் போனாலும் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டு போங்கள். மாலை ஐந்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிவிடும். அப்போது ஊருக்கு மேலே மேட்டில் இருக்கும் பழைய காற்றாலைவரை நடந்து போய்ப் பாருங்கள், சீரமைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து கீழே கோட்டையும் மதிலும் தெரியும், தூரத்தில் எங்காவது ஒரு மந்தையின் மணிச்சத்தம் கேட்கும்.